பன்னெண்டு லட்சமும் ஒரு தென்னந்தோப்பும்

எழுதி ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு வழக்கமான சாக்கு சொல்லலாம், ஆனா அது பாதி உண்மைதான். இன்னைக்கு எழுத வச்சது எங்க தெரு பொண்ணு ஒருத்தி. போன வாரம் ராத்திரி பஸ் பிடிச்சு முத்துப்பேட்டை போயிருந்தேன். பல்லு வெளக்கி காப்பி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள கையில ஒரு பைலோட வந்து நின்னா.

"மாமா, லண்டன்ல எம்.எஸ்ஸி சீட் கெடச்சிருக்கு. 28 லட்சம் ஆவும்ங்கிறாங்க. பேங்க்ல வீட்டை வச்சா லோன் தர்றாங்களாம். அப்பா உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

திண்ணையில உக்காந்திருந்த எங்கப்பா பேப்பர்லேர்ந்து தலையை நிமித்தல. ஆனா பக்கத்தைப் புரட்டறதை நிறுத்திட்டாரு. அவரும் என் பதிலுக்குக் காத்திருக்காருன்னு புரிஞ்சுது. சரி, கொஞ்சம் கொசுவத்தி சுத்துறேன், பொறுத்துக்குங்க மக்களே.

எங்க ஊரைப் பத்தித் தெரியாதவங்களுக்கு: திருவாரூர் மாவட்டத்தோட தெக்குக் கோடி. ஒரு பக்கம் நெல்லு, ஒரு பக்கம் தென்னை, இன்னும் கொஞ்சம் போனா அலையாத்திக் காடு, அதைத் தாண்டினா கடல். கோரையாறு எங்க ஊரு வழியாத்தான் அந்தக் காட்டுக்குள்ள போயி கலக்குது. வீட்டுக்கு ஒருத்தராவது வெளிநாட்டுல இருப்பாங்க. சிங்கப்பூர், மலேசியா, துபாய், சவுதி. சபுராளிங்க ஊருக்கு வர்ற மாசத்துல தெருவே சென்ட் வாசனை அடிக்கும். சின்ன வயசுலேர்ந்து அதைப் பாத்து வளந்தவன் நான். ஒரே ஒரு வித்தியாசம். அவங்க எல்லாம் வெளிநாட்டுக்கு சம்பாதிக்கப் போனாங்க, நான் செலவு பண்ணப் போனேன்.

2008-ல பொறியியல் முடிச்சேன். ரெண்டு வருஷம் சென்னையில ஒரு சின்ன கம்பெனி. கூடப் படிச்சவன் ஒருத்தன் இங்கிலாந்துல எம்.எஸ்ஸி முடிச்சு, அங்கேயே வேலைல உக்காந்து, பனியில நின்னு போட்டோ அனுப்பினான். அவ்வளவுதான், எனக்குள்ள பனி கொட்ட ஆரம்பிச்சிருச்சு. சென்னையில ஒரு கன்சல்டன்சிக்குப் போனேன். "ஒரு வருஷம் படிப்பு, அப்புறம் ரெண்டு வருஷம் வேலை பாக்க விசா. கடனை ஒண்ணரை வருஷத்துல அடைச்சுடலாம் சார்"னு கணக்குப் போட்டுக் காமிச்சாங்க. அப்ப ஒரு பவுண்டு 72 ரூபா சுமாரு. நானும் 72-ஆல பெருக்கிப் பெருக்கிப் பாத்துச் சந்தோஷப்பட்டேன். 2011 பிப்ரவரியில முன்பணம் கட்டியாச்சு.

அடுத்த மாசமே, 2011 மார்ச்சுல, படிப்பு முடிச்சவங்களுக்கு வேலை பாக்கக் குடுக்கிற அந்த விசாவை 2012 ஏப்ரலோட நிறுத்தப்போறோம்னு பிரிட்டிஷ் அரசு அறிவிச்சுது. என் படிப்பு முடியிறது 2012 செப்டம்பர்ல. கணக்கு சரியா அஞ்சு மாசத்துல இடிச்சுது. கன்சல்டன்சியில கேட்டேன். "அதெல்லாம் திறமை இருந்தா கம்பெனியே ஸ்பான்சர் பண்ணும் சார்"னாங்க. அப்பவே நிறுத்தியிருக்கலாம். முன்பணம் போனாப் போவுதுன்னு விட்டிருக்கலாம். ஆனா தெரு முழுக்க சொல்லியாச்சு. அம்மா குலசாமிக்கு முடிஞ்சு வச்சாச்சு. நிறுத்தறதுக்கு வேண்டிய தைரியம் எனக்கு இல்ல. போறதுக்குத்தான் இருந்துச்சு.

இப்ப கடன் கதை. கல்விக் கடன்னா என்னன்னு நிறைய பேருக்கு இன்னும் சரியாத் தெரியலை, அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன். இந்திய வங்கிகள் சங்கம் 2001-ல ஒரு மாதிரித் திட்டம் கொண்டுவந்துச்சு. நான் வாங்கின காலத்துல அதன்படி 4 லட்சம் வரைக்கும் ஜாமீன் கிடையாது. ஏழரை லட்சம் வரைக்கும் வெளி ஆள் ஒருத்தர் ஜாமீன் கையெழுத்து. அதுக்கு மேல போனா சொத்து வைக்கணும். வெளிநாட்டுப் படிப்புன்னா அதிகபட்சம் 20 லட்சம், அதுலயும் செலவுல 15 சதவீதம் நம்ம கைக்காசு போடணும். படிக்கிற காலமும் அதுக்கப்புறம் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம், அதுக்குள்ள வேலை கெடச்சா ஆறு மாசத்துல ஆரம்பிச்சுடணும்.

எனக்கு 12 லட்சம் சாங்ஷன் ஆச்சு, வட்டி 12.75. கைக்காசுக்கு அம்மாவோட நகை அடகுக்குப் போச்சு. சொத்துக்கு? எங்க தாத்தா நட்ட தென்னந்தோப்பு, ஆறு மா. மத்த ஊர்க்காரங்களுக்காக: மூணு மா ஒரு ஏக்கர். ஆக ரெண்டு ஏக்கர், 140 மரம். அப்பா பத்திரத்தை மஞ்சப் பையில வச்சுக் கொண்டுவந்து மேனேஜர் மேசையில வச்சாரு. கையெழுத்துப் போட்டுட்டு, "தம்பி படிச்சு முடிச்சதும் மீட்டுரும் சார்"னாரு. அந்தக் குரல்ல இருந்த நம்பிக்கை இருக்கே, அதுக்கு வட்டி எவ்வளவுன்னு எனக்கு அப்பத் தெரியாது.

"தவணை கட்ட வேண்டாம்"னு சொன்னாங்களே தவிர, "வட்டி ஓடாது"ன்னு யாரும் சொல்லல. நான்தான் அப்படிப் புரிஞ்சுக்கிட்டேன். 2009-லேர்ந்து மத்திய அரசு ஒரு வட்டி மானியம் குடுத்துச்சு, குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள்ள இருந்தா படிக்கிற கால வட்டியை அரசே ஏத்துக்கும். ஆனா அது இந்தியாவுல படிக்கிறவங்களுக்கு மட்டும். எனக்கு ரெண்டு வருஷ வட்டி சுமார் மூணு லட்சம் அசலோட சேந்துடுச்சு. 12 லட்சம் வாங்கினவன் ஒரு ரூபா கூடத் திருப்பிக் கட்டறதுக்கு முன்னாடியே 15 லட்சம் கடன்காரன்.

லெஸ்டர்ல படிச்ச ஒரு வருஷத்தைப் பத்தி தனியா எழுதலாம். வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பாக்க அனுமதி. குறைஞ்சபட்சக் கூலி மணிக்கு 6 பவுண்டு 8 பென்ஸ். ஒரு கோழிக்கறிக் கடையில பாத்திரம் கழுவினேன். வீட்டுல ஒரு நாள் கூட நான் தட்டு கழுவினது இல்லைங்கிறதை நெனச்சு நானே சிரிச்சுக்குவேன். படிப்பு முடிஞ்சதும் இருநூறு கம்பெனிக்கு மேல விண்ணப்பம். ஸ்பான்சர் பண்ணணும்னா அவங்க லைசென்ஸ் வச்சிருக்கணும், வருஷம் 20,000 பவுண்டுக்குக் குறையாம சம்பளம் தரணும். "உங்கள் ஆர்வத்துக்கு நன்றி"ன்னு நாப்பது அம்பது பதில் வந்துச்சு. மத்தவங்க அதுவும் போடல. 2013 ஜனவரியில விசா முடிஞ்சு மீனம்பாக்கத்துல வந்து எறங்கினேன்.

சென்னையில கெடச்ச வேலைக்குச் சம்பளம் 22,000. 2013 அக்டோபர்ல ஆரம்பிச்ச தவணை மாசம் 27,000. திரும்பிப் படிக்காதீங்க, சரியாத்தான் எழுதியிருக்கேன். அந்த 27,000-ல முதல் மாசம் பதினாறாயிரம் வட்டிக்கே போச்சு.

தேங்காய் வெட்டு முடியிற ஒவ்வொரு தடவையும் அப்பா பணம் அனுப்புவாரு. நான் திருவல்லிக்கேணி மேன்ஷன்ல நாலு பேர் ரூம்ல இருந்துக்கிட்டு, ராத்திரி வெறும் பன்னும் டீயும்னு ஓட்டினேன். அப்படியும் 2014-ல மூணு தவணை தொடர்ச்சியா விட்டுப்போச்சு. 90 நாள் தாண்டினா வாராக்கடன். வங்கியிலேர்ந்து ஆளு வந்து, கடைத்தெரு டீக்கடையில நாலு பேர் முன்னாடி அப்பாகிட்ட, "புள்ளை லண்டன்ல படிச்சதாமே, எப்ப கட்டப்போவுது?"ன்னு கேட்டாரு. அப்பா இதை என்கிட்ட சொல்லவே இல்ல. ஆறு மாசம் கழிச்சு டீக்கடைக்காரர் சொல்லித்தான் தெரியும். அன்னையிலேர்ந்து அப்பா வீட்டுலதான் டீ குடிக்கிறாரு.

இது எனக்கு மட்டும் நடந்தது இல்ல. 2013-ல தேனிப் பக்கம் கல்விக் கடன் கட்டாத மாணவர்கள் போட்டோவை ஒரு வங்கி ப்ளெக்ஸ் அடிச்சு வச்சது செய்தியா வந்துச்சு. ஒரு பெரிய வங்கி தன் கல்விக் கடன்களை ஒரு தனியார் வசூல் நிறுவனத்துக்குக் கைமாத்திவிட, 2016 ஜூலையில மதுரையில பொறியியல் படிச்ச ஒரு பையன் உயிரை விட்டுட்டான். அந்தச் செய்தியை மேன்ஷன் மொட்டை மாடியில நின்னு படிச்சேன். கைப்பிடிச் சுவரை விட்டு ரெண்டடி தள்ளி வந்து உக்காந்துக்கிட்டது ஞாபகம் இருக்கு. இதுக்கு மேல அதைப் பத்தி எழுத வேண்டாம். உங்கள்ல யாராவது அந்த மாடியில நிக்கிறீங்கன்னா, முதல்ல கீழ எறங்கி வந்து யாருகிட்டயாவது பேசிடுங்க. கடன் நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும், நாமளும் இருக்கணும்.

என்னைக் காப்பாத்தினது ரெண்டு பேரு. ஒருத்தர் என் நண்பனோட வாப்பா, முப்பது வருஷ சபுராளி. விஷயம் கேள்விப்பட்டு ரெண்டு லட்சம் குடுத்தாரு. நான் பத்திரம் எழுதித் தர்றேன்னு சொன்னப்ப, "வட்டியும் வேணாம், பேப்பரும் வேணாம். உன்னால முடியிறப்பக் குடு தம்பி"ன்னாரு. மூணு வருஷத்துல அடைச்சேன். ஒரு தடவை கூட அவரு கேக்கல, நானும் ஒரு மாசம் கூட அவரை மறக்கல. இன்னொருத்தர் புதுசா வந்த மேனேஜர். பாக்கியை நேர் பண்ணினதும், 2015-ல கடனை 12 வருஷத்துக்கு மாத்தி எழுதினாரு. தவணை 20,700 ஆச்சு. மூச்சு வந்துச்சு.

2018 நவம்பர் 16 விடிகாலை கஜா புயல் வந்துச்சு. வேதாரண்யம் பக்கம் கரை ஏறி எங்க பக்கம், பட்டுக்கோட்டை, பேராவூரணின்னு தென்னையா பாத்துச் சாய்ச்சுட்டுப் போயிருச்சு. போன் கெடைக்கல. மூணாம் நாள் ஊருக்குப் போனேன். 140 மரத்துல 11 நின்னுச்சு. மரத்துக்கு 1100 ரூபான்னு அரசு நிவாரணம் குடுத்துச்சு. சாஞ்சு கெடந்த ஒரு மரத்து மேல உக்காந்து அப்பா சொன்னாரு: "பத்திரம் பேங்குல பத்திரமாத்தான் இருக்கு. தோப்புதான் இல்ல." சொல்லிட்டு அவரே சிரிச்சாரு. எனக்குச் சிரிப்பு வரலை. அந்தத் தோப்புதான் அவருக்கு பென்ஷன், அதைத்தான் நான் என் சர்டிபிகேட்டுக்கு அடகு வச்சேன்.

2019-ல கன்னு வச்சோம். 2020-ல கொரோனாவுக்கு ஆறு மாசம் தவணைத் தள்ளிவைப்பு எடுத்தேன், அந்த வட்டியும் தலையில ஏறுச்சு. நடுவுல சம்பளம் உயர்ந்துச்சு, கல்யாணம் ஆச்சு. பொண்ணு பாக்கப் போன எடத்துல எல்லாம் கடன் பாக்கியைச் சொல்லித்தான் ஆரம்பிச்சேன், ரெண்டு எடம் காப்பியோட முடிஞ்சுது. என் வீட்டுக்காரம்மா மட்டும், "எப்ப முடியும்?"னு தேதி கேட்டாங்க. 2027 மே. இன்னும் சமையக்கட்டு காலண்டர்ல மாசா மாசம் கிழிக்கிறது அவங்கதான். எல்லாம் முடியிறப்ப 12 லட்சத்துக்கு நான் கட்டியிருக்கிறது 30 லட்சத்துக்கு மேல.

சரி, அந்தப் பொண்ணுக்கு என்ன சொன்னேன்?

போகாதேன்னு சொல்லல. அப்படிச் சொல்ல எனக்கு என்ன உரிமை? படிப்பு எனக்குச் சோறு போடாம இல்ல. இன்னைக்கு நான் பாக்குற வேலைக்கு அந்த எம்.எஸ்ஸி ஒரு காரணம்தான். ஆனா ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். 28 லட்சம், வட்டி 11-ன்னு வச்சுக்கிட்டா, ரெண்டு வருஷத்துல சேர்ற வட்டியோட 34 லட்சம். 15 வருஷத் தவணைன்னா மாசம் 38,600. மொத்தம் கட்டப்போறது 69 லட்சம். அவ பேனாவை வாங்கித் திரும்பப் போட்டுப் பாத்தா. அதே கணக்குதான் வந்துச்சு.

அப்புறம் நாலு விஷயம் சொன்னேன். தவணையை பவுண்டுல பாக்காதே, ஊருக்குத் திரும்பி வந்தா கெடைக்கிற சம்பளத்துல கட்ட முடியுமான்னு பாரு. படிக்கிறப்பவே மாசா மாசம் வட்டியையாவது கட்டிட்டு வா. விசா சட்டம் நம்ம கையில இல்ல. நிறுத்தின அந்த விசாவை வேற பேர்ல 2021-ல திரும்பக் கொண்டுவந்தாங்க, ரெண்டு வருஷம்னு. இப்ப 2027 ஜனவரியிலேர்ந்து ஒண்ணரை வருஷமாக் குறைக்கிறதா சொல்லியிருக்காங்க. நீ படிச்சு முடிக்கிறப்ப என்ன சட்டமோ. கடைசியா, உங்கப்பாவுக்கு இருக்கிறது அந்த ஒரு வீடுதான்.

ரொம்ப நேரம் பேசாம இருந்தா. "இங்கேயே நல்ல எடமா பாத்து நொழைவுத் தேர்வு எழுதவா மாமா?"ன்னு கேட்டா. "அதையும் யோசி, இதையும் யோசி. முன்பணம் மட்டும் இந்த மாசம் கட்டாதே"ன்னேன். பேப்பரை மடிச்சு பைலுக்குள்ள வச்சுக்கிட்டுப் போனா. என்ன முடிவு பண்ணுவான்னு தெரியல. எதுவானாலும் கணக்குத் தெரிஞ்சு பண்ணுவா. எனக்கு அது கெடைக்கல.

அவ போனதும் அப்பா பேப்பரைக் கீழ வச்சாரு. "அப்பவே உனக்கு யாராவது இப்படிச் சொல்லியிருந்தா கேட்டிருப்பியாடா?"ன்னாரு. யோசிச்சுப் பாத்தேன். கேட்டிருக்க மாட்டேன்னுதான் தோணுச்சு. அதைச் சொன்னேன். "நானும்தான்"னுட்டு, துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு தோப்புக்குக் கெளம்பிட்டாரு. புதுக் கன்னுங்க இப்பக் காய்க்குது. இந்த வெட்டுக்கு ஆள் சொல்லணுமாம்.

டிஸ்கி: கடன் வாங்காதீங்கன்னு சொல்ற பதிவு இல்லீங்க இது. வாங்குறதுக்கு முன்னாடி ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக்குங்கன்னு சொல்ற பதிவு. உங்க கதை இருந்தா நீங்களும் எழுதுங்க, நாலு பேருக்கு உதவும்.