எங்க அப்பா ஒரு கேடி!



தலைப்பைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். போலீஸ் ஸ்டேஷனில் போட்டோ ஒட்டியிருக்கும் கேடி வேறு, எங்க அப்பா வேறு. கோல்ஃப் ஆட வருபவரின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூடவே நடப்பவருக்கும் கேடி என்றுதான் பெயர். அப்பா 19 வருடமாகக் கொடைக்கானலில் அந்த வேலைதான் செய்கிறார். நான் ஆறாம் வகுப்பில் இதைச் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். அதனால் அந்த வேலைக்குள் எவ்வளவு அறிவு இருக்கிறது என்று சொல்லலாம் என்று நினைத்தேன்.

கோல்ஃப் என்பது சின்னப் பந்தை ஸ்டிக்கால் அடித்து, தூரத்தில் இருக்கும் குழிக்குள் போடும் விளையாட்டு. மொத்தம் 18 குழி. குழியின் அகலம் 10.8 சென்டிமீட்டர்தான். பந்தின் எடை 46 கிராமுக்குள் இருக்க வேண்டும். ஒருவர் 14 ஸ்டிக் வரை வைத்துக்கொள்ளலாம். அத்தனையும் இருக்கிற பையோடு அப்பா மேடு பள்ளம் ஏறி இறங்க வேண்டும்.

ஆனால் பை சுமப்பது பெரிய கஷ்டம் இல்லையாம். பந்து கோணலாகப் போவதுதான் கஷ்டமாம். ஏன் தெரியுமா? காட்டுக்குள் போன பந்தைத் தேடுவது கேடியின் வேலை. முன்பு 5 நிமிடம் தேடலாம். 2019-ல் விதியை மாற்றி 3 நிமிடம் ஆக்கிவிட்டார்கள். அதனால் ஓடித்தான் தேட வேண்டும். நம்ம ஊரு காட்டுமாடு எங்கெல்லாம் மேயும் என்று உங்களுக்கே தெரியும்.

போன வருடம் ஐப்பசி மாதம், ஒரே மூடுபனி. ஒருவர் அடித்த பந்து வலது பக்கமாக மரங்களுக்குள் போய்விட்டது. அப்பா உள்ளே போய்க் குனிந்து தேடும்போது புஸ்ஸென்று மூச்சுச் சத்தம். நிமிர்ந்தால் எதிரே காட்டுமாடு! அப்பா திரும்பி ஓடவில்லை. அதைப் பார்த்தபடியே ஒவ்வொரு அடியாகப் பின்னால் வைத்திருக்கிறார். அதில் ஒரு பள்ளத்தில் கால் இறங்கி முழங்கால் பிசகிவிட்டது. 12 நாள் வேலைக்குப் போக முடியவில்லை. போனால்தான் கூலி. அந்த 12 நாளும் அம்மா மட்டும் கேரட் தோட்டத்துக்குப் போய் வந்தாங்க.

அப்பாவுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே நான் கேட்டேன், "ஏம்ப்பா, அவ்வளவு படிச்சவங்க அடிக்கிறாங்க, பந்து ஏன் நேரா போக மாட்டேங்குது?"

அப்பா சொன்னார், "பலமா அடிக்கணும்னு நினைப்பாங்க தாயி. அங்கதான் கோணுது."

அந்த 12 நாளில் எனக்கு ஒரு பாடமே நடந்தது. ஒரு ஐயா வேண்டாம் என்று கொடுத்த பழைய ஏழாம் நம்பர் ஸ்டிக் எங்கள் வீட்டில் இருக்கிறது. பந்துக்குப் பதிலாகப் பைன் மரத்துக் காய். அப்பா திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு மூன்று விஷயம் சொல்லிக் கொடுத்தார்.

முதலாவது பிடி. "கோழிக்குஞ்சப் பிடிக்கிற மாதிரி பிடி. பறந்துறவும் கூடாது, செத்துறவும் கூடாது" என்றார். இறுக்கிப் பிடித்தால் முழங்கை வரை விறைத்துவிடும். அப்புறம் கை தானாகச் சுற்றாது.

இரண்டாவது மணிக்கட்டு. ஸ்டிக்கை மேலே தூக்கும்போது மணிக்கட்டு கட்டைவிரல் பக்கமாக மடங்கலாம். அது தேவை. ஆனால் இடது கையின் புறங்கை பின்பக்கமாக வளையக் கூடாது. வளைந்தால் ஸ்டிக்கின் முகம் வலது பக்கம் திறந்துகொள்ளும். கீழே வரும்போது அதைச் சரி செய்ய நேரமே இருக்காது. ஸ்டிக்கும் பந்தும் தொட்டிருப்பது ஒரு வினாடியில் சுமார் 2000-ல் ஒரு பங்கு நேரம்தான்! அந்த நேரத்தில் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ, பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் பந்து கிளம்பும். (இதெல்லாம் வலது கைக்காரர்களுக்கு. இடது கைக்காரர்கள் மாற்றிப் படிக்கவும்.)

நம் கணக்குப் பாடத்தில் முக்கோணவியல் வருகிறதே, அதை வைத்துப் பார்த்தேன். பந்து 5 டிகிரி விலகிப் போனால் 150 மீட்டர் தூரத்தில் எவ்வளவு தள்ளி விழும்? டேன் 5° என்பது 0.0875. அதை 150-ஆல் பெருக்கினால் 13 மீட்டருக்கு மேல் வருகிறது! மணிக்கட்டில் கொஞ்சம் கோணல், அப்பாவுக்கு 13 மீட்டர் காடு.

மூன்றாவது தாளம். இதுதான் ரொம்ப முக்கியம். "ஒன்னு, ரெண்டு, மூனு எண்ணி மேல கொண்டு போ. நாலுல பந்து." இதுதான் அப்பாவின் கணக்கு. மேலே போக மூன்று பங்கு நேரம், கீழே வர ஒரு பங்கு. மேலே போனதும் அவசரப்பட்டுக் கைகளால் இழுத்தால் உடம்பு ஒரு பக்கம், கை ஒரு பக்கம் போய்விடும். முதலில் இடுப்பு திரும்ப வேண்டும், கை பின்னால் வர வேண்டும்.

எங்கள் விளையாட்டு டீச்சரிடம் இதைச் சொன்னேன். அவங்க தேடிப் பார்த்து ஒரு செய்தி சொன்னாங்க. அமெரிக்காவில் ஜான் நொவோசெல் என்பவர் பெரிய ஆட்டக்காரர்களின் வீடியோவைப் படம் படமாக எண்ணிப் பார்த்து, 2004-ல் ஒரு புத்தகம் போட்டாராம். ஒரு வினாடிக்கு 30 படம் என்ற கணக்கில், மேலே போக 24 படம், கீழே வர 8 படம். சிலருக்கு 27-க்கு 9, சிலருக்கு 21-க்கு 7. எப்படிப் பார்த்தாலும் மூன்றுக்கு ஒன்று! அப்பா அந்தப் புத்தகத்தைப் பார்த்ததே இல்லை. 19 வருடம் பக்கத்தில் நின்று பார்த்துத் தெரிந்துகொண்டார்.

ஒரு ரகசியம் சொல்லட்டுமா? ஸ்டிக் கீழே வருவதற்கு முன்பே அப்பா காட்டுப் பக்கம் பார்க்க ஆரம்பித்துவிடுவாராம். மேலே மணிக்கட்டு வளைந்ததைப் பார்த்தாலே பந்து எங்கே போகும் என்று தெரியுமாம். "அப்ப நீங்க சொல்லலாம்லப்பா?" என்றேன். "கேக்காம சொன்னா கோவிச்சுக்குவாங்க தாயி" என்றார்.

ஆனால் கால் சரியாகிப் போன பிறகு அப்பா ஒரே ஒரு வார்த்தை சொல்ல ஆரம்பித்தார். "மெதுவா சார்." சிலர் காதில் வாங்க மாட்டார்கள். ஒருவர் மட்டும் "எப்படி மெதுவா?" என்று திருப்பிக் கேட்டிருக்கிறார். அப்பா ஒன்னு, ரெண்டு, மூனு சொல்லிக் கொடுத்திருக்கிறார். அன்றைக்கு ஒரு பந்துகூடக் காட்டுக்குள் போகவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கே அப்பா வீட்டுக்கு வந்து, எங்களோடு உட்கார்ந்து டீ குடித்தார்.

பெங்களூரு வீராங்கனை அதிதி அசோக் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காவது இடம் பிடித்தார். ஒரே ஒரு அடியில் வெண்கலம் போய்விட்டது. மற்றவர்களைவிட அவர் அடிக்கும் தூரம் குறைவு. ஆனாலும் அவ்வளவு தூரம் முன்னேறினார். அங்கே அவருக்குக் கேடி யார் தெரியுமா? அவருடைய அம்மா! 2016-ல் ரியோ ஒலிம்பிக்கில் அப்பா! 2009-ல் இந்தியன் ஓப்பன் போட்டியில் ஜெயித்த முனியப்பாவும் முன்பு கேடியாக இருந்தவர்தான்.

தோழிகளே, நீங்களும் ஒன்று செய்து பாருங்கள். இடது கையில் வாட்ச் கட்டி, அதன் பட்டைக்குள் 15 சென்டிமீட்டர் ஸ்கேலைச் செருகிக்கொள்ளுங்கள். ஸ்கேல் புறங்கைமேல் படிந்திருக்கட்டும். ஒரு குச்சியை இரண்டு கையாலும் பிடித்து, மெதுவாக மூன்று எண்ணித் தூக்குங்கள். புறங்கை பின்னால் வளைந்தால் ஸ்கேல் குத்திச் சொல்லிவிடும். வளையப்பந்து வீசும்போதும் நான் மூன்று எண்ணித்தான் கையைக் கொண்டு போகிறேன். வளையம் இப்போது கோட்டுக்கு வெளியே போவது குறைந்திருக்கிறது.

எனக்கு ஒரு ஆசை. ஒரு நாள் அந்தப் பச்சைப் புல்லில் நிஜப் பந்தை வைத்து அடிக்க வேண்டும். அன்றைக்கு அப்பா பை தூக்க வேண்டாம், நானே தூக்கிக்கொள்வேன். பக்கத்தில் நின்று "மெதுவா தாயி" என்று சொன்னால் போதும்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி