ஏரியின் மேல் ஒரு கடைத்தெரு

ஆகஸ்ட் 5, 2024, திங்கள்

இந்தப் பருவத்தின் ஸ்டூடியோ பாடத்துக்கு இடம் தி.நகர் என்று முடிவாகிவிட்டது. நான்காம் ஆண்டுக் கட்டடக்கலை மாணவர்கள். சிலர் கடற்கரையோரம் கேட்டார்கள். சிலர் பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் காலி மனை கேட்டார்கள். காலி மனையில் யாரும் எதையும் வரைந்துவிடலாம். ஏற்கெனவே ஆள் நடமாடுகிற, கடன் வாங்கிக் கடை போட்டிருக்கிற, மழை வந்தால் முழங்கால் தண்ணீர் நிற்கிற இடத்தை வாழத் தகுந்த இடமாக்குவது வேறு வேலை. இவர்கள் படித்து முடித்துப் போய்ச் செய்யப்போவதும் அந்த வேலைதான்.

முதல் வகுப்பில் பாட்ரிக் கெடஸின் கதையைச் சொன்னேன். 1914-இல் சென்னை ஆளுநர் பெண்ட்லண்டின் அழைப்பில் நகரமைப்புக் கண்காட்சியுடன் இந்தியாவுக்குக் கிளம்பினார் அந்த ஸ்காட்லாந்துக்காரர். வரைபடங்களும் படங்களும் தனிக் கப்பலில் வந்தன. அந்தக் கப்பலை எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் மூழ்கடித்தது. அதற்குச் சில வாரம் முன்பு சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசிய அதே எம்டன். ஊரிலிருந்த நண்பர்கள் மறுபடி படங்களைத் திரட்டி அனுப்ப, 1915-இன் தொடக்கத்தில் கண்காட்சி சென்னையில் நடந்தேவிட்டது. பிறகு அவர் தஞ்சாவூர், மதுரை என்று தெருத்தெருவாக நடந்து அறிக்கை எழுதினார். இடித்துத் தள்ளி நேர்ச்சாலை போடுவதை எதிர்த்தார். எங்கே ஒரு சுவரை விலக்கினால் காற்று வரும், எங்கே ஒரு மரம் வைத்தால் நாலு பேர் உட்காருவார்கள் என்று பார்த்தார். கொசுவுக்குப் பயந்து குளங்களைத் தூர்ப்பது தவறு என்றும் வாதாடினார்.

"முதலில் நடங்கள், பிறகு வரையுங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். அவர்கள் முகத்தில் உற்சாகம் இல்லை. போகட்டும், வரும்.

ஆகஸ்ட் 10, சனி

பழைய நிலப்படத்தின் மேல் பட்டர் பேப்பர் விரித்து இன்றைய தெருக்களை வரையச் சொன்னேன். வடக்கே நுங்கம்பாக்கம் தொடங்கித் தெற்கே சைதாப்பேட்டைப் பக்கம்வரை நீண்டு கிடந்தது அந்த நீலம். 'லாங் டேங்க்' என்று ஆங்கிலேயர் குறித்திருந்த ஏரி. உஸ்மான் ரோடு எங்கே, பனகல் பூங்கா எங்கே என்று தேடித் தேடிக் குறித்தவர்கள், கொஞ்ச நேரத்தில் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

1920-இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. 1923 வாக்கில் ஏரியை வற்ற வைத்து மனை பிரிக்கும் வேலை ஆரம்பமானது. நீதிக்கட்சி ஆட்சி, பனகல் அரசர் முதலமைச்சர். அதனால்தான் பகுதிக்குத் தியாகராயர் பெயர், பூங்காக்களுக்குப் பனகல் அரசர், நடேசன் பெயர்கள், பாண்டி பஜார் கடைத்தெருவுக்குப் பிற்பாடு சௌந்தரபாண்டியன் அங்காடி என்ற பெயர். பூங்காவிலிருந்து கிளைக்கும் அகலத் தெருக்கள், தெருவோர மரங்கள், தோட்டத்தோடு வீடு என்று அந்தக் காலத்தில் இதைவிட நல்ல நகரமைப்பு சென்னையில் குறைவு. அந்த அழகுக்குக் கொடுத்த விலை ஓர் ஏரி. இந்த இரண்டையும் சேர்த்தே மாணவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். முன்னோரைத் திட்டுவது எளிது. அவர்கள் போட்ட அகலமான தெருக்கள் இல்லாவிட்டால் இன்று நமக்குத் திருத்துவதற்கே இடம் இருந்திருக்காது.

ஆகஸ்ட் 17, சனி

காலை ஆறு மணிக்கு வள்ளுவர் கோட்டத்தில் கூடினோம். 1976-இல் கட்டிய அந்தக் கோட்டமும் ஏரி நிலத்தில்தான் நிற்கிறது. அங்கிருந்து மாம்பலம் கால்வாயைத் தொடர்ந்து தெற்கே நடந்தோம். ஏரி போன பிறகு அந்தப் பரப்பின் மழைநீருக்கு மிஞ்சிய வழி அதுதான். ஐந்து கிலோமீட்டருக்கு மேல் ஓடி நந்தனம் பக்கம் அடையாற்றில் சேர வேண்டும். நடக்கும்போது கால்வாய் காணாமல் போகும். கான்கிரீட் மூடிக்கு அடியில், மதில் சுவருக்குப் பின்னால். பிறகு ஒரு பாலத்தடியில் கறுப்பாகத் தலை காட்டும்.

டம்பி லெவல் வைத்துத் தெருமட்டம் அளந்துகொண்டிருந்த பையனிடம் பூக்கார அம்மா ஒருவர் கேட்டார்: "இன்னா தம்பி, ரோடு போடப்போறீங்களா?"

"இல்லைங்க அம்மா, மழை பேஞ்சா தண்ணி எங்க நிக்கும்னு பாக்குறோம்."

"அத என்னாண்ட கேட்டா சொல்லிட்டுப்போறேன். மொதல்ல அந்த மூலை. அப்பால பேங்க் வாசல். கடைசியா இங்க. ரெண்டாயிரத்து இருபத்தொண்ணுல நான் குந்தினிருக்கிற இந்தப் படி மறைஞ்சிருச்சு."

2021 நவம்பர் 7-ஐத்தான் சொன்னார். ஒரே இரவில் நுங்கம்பாக்கத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்த நாள். மாலையில் மட்ட அளவுகளைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். அந்த அம்மா சொன்ன மூன்று இடங்களும் அதே வரிசையில் வந்தன. இனி அளவை எடுக்கும் ஒவ்வொரு தெருவிலும் இருபது வருஷமாக அங்கேயே உட்கார்ந்திருக்கும் ஒருவரைக் கேட்டுவிட்டுத்தான் கருவியை நிறுத்துவது என்று அவர்களே விதி செய்துகொண்டார்கள்.

ஆகஸ்ட் 28, புதன்

நிழல் அளக்கும் வாரம். மதியம் இரண்டு மணிக்குப் பாண்டி பஜாரில் மரத்தடி, கடைப் பந்தல், வெட்டவெளி என்று மூன்று இடத்திலும் வெப்பம் பார்க்கிறார்கள். 2019 நவம்பரில் திறந்த அகல நடைபாதை அங்கே நன்றாகவே உழைக்கிறது. தள்ளுவண்டிக் குழந்தையோடு ஒரு தாய் அவசரமில்லாமல் நடந்து போவதைச் சென்னையில் வேறு எத்தனை தெருவில் பார்க்க முடியும்? அதே தெருவில் பல ஆண்டு கடை போட்டவர்கள் இந்த நடைபாதை வேலைக்கு முன்பே மாநகராட்சி வளாகத்துக்கு மாற்றப்பட்டதையும் குறித்துக்கொள்ளச் சொன்னேன். 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளாகவே இருக்க வேண்டும். வரைபடத்தில் தெரு வியாபாரியின் வண்டிக்கு இடம் ஒதுக்குவது சட்டக் கடமை, அலங்காரம் அல்ல.

செப்டம்பர் 11, புதன்

இன்று ஒரு மாணவி வகுப்பு முடிந்தும் போகாமல் நின்றாள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். அதிகம் பேச மாட்டாள்.

"மேடம், எங்க சித்தி ரங்கநாதன் தெருவுல எட்டு வருஷம் சேல்ஸ்ல இருந்தாங்க. நாம தெருவுல போறவங்களத்தான் எண்ணுறோம். கடைக்குள்ள நிக்கிறவங்கள யாரும் எண்ணல."

அவள் சொன்னது முழுக்கச் சரி. எங்கள் படிவங்களில் வாகனம் இருந்தது, நடப்பவர் இருந்தார், வாடிக்கையாளர் இருந்தார். தென்மாவட்டங்களிலிருந்து வந்து காலை முதல் இரவு வரை நின்றே விற்கிற பிள்ளைகளுக்குக் கட்டமே இல்லை. 2010-இல் வந்த 'அங்காடித் தெரு' படம் அவர்கள் வாழ்க்கையைத் தமிழ்நாடு முழுக்கக் காட்டியது. 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஆக்கினார்கள். கடைக்குள் இருக்கை வந்தாலும், சாப்பாட்டு இடைவேளையில் அந்தப் பெண் வெளியே வந்தால் எங்கே உட்காருவாள்? எந்தக் கழிப்பறைக்குப் போவாள்? இரவு பத்து மணிக்குத் தங்கும் அறைக்கு எந்த வெளிச்சத்தில் நடப்பாள்?

இதை ஆராய ஒரு குழு அமைத்து, அவளையே தலைமை ஏற்கச் சொன்னேன். எல்லாக் குழுக்களுக்கும் வேலையின் முதல் வரியையும் மாற்றினேன்: இந்த இடத்தில் பட்டா இல்லாத இருவரிடமிருந்து தொடங்குங்கள். ஒன்று தண்ணீர். இன்னொன்று இங்கே உழைக்கிறவர்.

செப்டம்பர் 25, புதன்

முதல் தாள்கள் வந்தன. மூன்று குழுக்கள் கண்ணாடிக் கோபுரமும் அதன் நெற்றியில் காடும் வரைந்திருக்கின்றன. படம் பளபளக்கிறது. பன்னிரண்டாவது மாடி மரத்துக்கு மே மாதம் எந்த லாரித் தண்ணீர் என்று கேட்டேன். 2019 கோடையில் குடத்தோடு வரிசையில் நின்ற ஊர் இது. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

கனமழை எச்சரிக்கை, கல்லூரி விடுமுறை. நேற்றே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக ஏற்றி நிறுத்திவிட்டார்கள் மக்கள். ஒரு நகரம் தன் தெருக்களை எவ்வளவு நம்புகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

யாரும் சொல்லாமலேயே, தி.நகரிலும் மேற்கு மாம்பலத்திலும் வீடுள்ள மாணவர்கள் தெரு முனையில் நின்று மணிக்கொரு படம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் வீட்டிலிருந்தே கணக்கில் இறங்கினார்கள். ஒரு கிரவுண்டில், அதாவது 2400 சதுர அடியில், 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் ஏறத்தாழ 22,300 லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரி இரண்டுக்குச் சற்றுக் குறைவு. கோடையில் காசு கொடுத்து வாங்குவதை ஐப்பசியில் தெருவில் தள்ளுகிறோம். 2003-லேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. ஆனால் ஏரிப் படுகை மண்ணில் களி அதிகம். மேலோட்டமாகத் தோண்டிய குழி நிரம்பி நின்றுவிடும். களியைத் தாண்டி மணல் அடுக்குவரை இறங்கும் உறிஞ்சு கிணறு வேண்டும். அதைத் தனி வீட்டுக்காரர் தலையில் கட்டாமல் தெருவுக்குச் சில பொதுக் கிணறுகளாகப் போடலாம் என்று நள்ளிரவில் ஒரு குழு எழுதி அனுப்பியிருக்கிறது. அந்தக் கோபுரக் குழுக்களில் ஒன்று!

அக்டோபர் 20, ஞாயிறு

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறுகளில் ஒன்று. ரங்கநாதன் தெருவில் தோளோடு தோள் உரசாமல் நகர முடியவில்லை. மாணவர்கள் மாடியிலிருந்து பார்த்துக் குறித்தார்கள். மாம்பலம் ரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் 570 மீட்டர் ஆகாய நடைபாலம் 2023 மே மாதம் திறந்தது. பெட்டி தூக்குபவர்களுக்கும் முதியவர்களுக்கும் அது பெரிய உதவி. ஆனால் கூட்டம் வந்திருப்பது கடை பார்க்க. அது தெருவில்தான் நடக்கும். மாற்ற வேண்டியது தெருவின் தரைதான்.

நவம்பர் 13, புதன்

ஜூரி. கட்டடக்கலைஞர் ஒருவர், வியாபாரிகள் சங்கத்துப் பெரியவர் ஒருவர், அந்த வட்டத்தின் தூய்மைப் பணியாளர் ஒருவர் என மூவரை அழைத்திருந்தேன். இப்படி அழைப்பது வழக்கமில்லை என்று கல்லூரியில் சிலர் தயங்கினார்கள். இனி இதுவே வழக்கமாக வேண்டும்.

ஒரு குழு பூங்காக்களின் நடுப்பகுதியை இரண்டடி தாழ்த்தியிருந்தது. வெயில் காலத்தில் விளையாட்டுத் திடல், மழை நாளில் தண்ணீர் தங்கும் இடம். ஒரு ஏக்கரை அப்படித் தாழ்த்தினால் சுமார் 24 லட்சம் லிட்டர் நிற்கும். இருநூறு லாரித் தண்ணீர். மாநகராட்சி பல பூங்காக்களில் ஸ்பாஞ்ச் பார்க் குளங்கள் வெட்டியிருப்பதால் இது கனவு அல்ல. வடிகாலுக்கு முன்னால் வண்டல் தங்கும் தொட்டிகளும் வரைந்திருந்தார்கள். தூய்மைப் பணியாளர் அருகில் போய்த் தாளைப் பார்த்தார்.

"மூடி எவ்ளோ வெயிட்டு பாப்பா?"

பதில் இல்லை.

"ரெண்டு பேர் தூக்குற மாதிரி வைங்க. இல்லைன்னா தொறக்கவே மாட்டாங்க. அப்புறம் எங்க ஆளுங்க உள்ள எறங்குற மாதிரி எதையும் கட்டாதீங்க. மேல நின்னே அள்ளணும்."

இந்தப் பருவம் முழுக்க நான் கேட்ட விமரிசனங்களில் இதுவே மேலானது. அந்தக் குழு அன்றே தொட்டியின் ஆழத்தைக் குறைத்து, எண்ணிக்கையைக் கூட்டி, மூடியைத் துண்டுகளாகப் பிரித்தது.

தூத்துக்குடிப் பெண்ணின் குழு கோபுரம், பாலம் எதையும் வரையவில்லை. கடைகளின் பின்புறச் சந்துகளை எடுத்துக்கொண்டார்கள். குப்பைத் தொட்டியும் ஏ.சி. இயந்திரங்களும் அடைத்துக் கிடக்கும் இடங்கள். அங்கே நிழல், திண்ணை, குடிநீர், பெண்களுக்குக் கழிப்பறை. தங்கும் அறைவரை தொடர்ச்சியான விளக்கு. சரக்கு வண்டிகளுக்கு இரவு நேரம். வியாபாரிகள் சங்கப் பெரியவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "கடைக்காரங்க ஆளுக்கு மூணடி விட்டாத்தாம்மா இது நடக்கும்" என்றார்.

"விடுவாங்களா ஐயா?"

"கேக்கணும். இதுவரைக்கும் யாரும் கேக்கல."

நவம்பர் 16, சனி

மதிப்பெண் போட்டாயிற்று. தாள்களைச் சுருட்டி அலமாரியில் வைப்பதுதான் எல்லாக் கல்லூரியிலும் நடப்பது. இவற்றை அப்படி வைக்க மனம் வரவில்லை. மாணவர்கள் தமிழில் விளக்கம் எழுதிய சிறு பிரதிகள் தயாரித்து, அளவை எடுக்க உதவிய கடைகளிலும் பூக்கார அம்மாவிடமும் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

சென்னைப் பெருநகரின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2008-இல் வந்தது. அதன் காலம் 2026-உடன் முடிகிறது. அடுத்த இருபது ஆண்டுகளுக்கான மூன்றாவது திட்டம் தயாராகிக்கொண்டிருக்கிறது. எந்தத் தெரு எவ்வளவு உயரம் எழும்பும், எந்த நிலம் தண்ணீருக்கு விடப்படும் என்பதை அது தீர்மானிக்கும். இதைப் படிப்பவர்கள் தி.நகரிலோ மாம்பலத்திலோ குடியிருந்தால், அங்கே கடை வைத்திருந்தால், அங்கே வேலை பார்த்தால், உங்கள் வட்டத்தின் அடுத்த பகுதி சபைக் கூட்டத்துக்குப் போங்கள். மாம்பலம் கால்வாய் உங்கள் தெருவுக்கு எந்தப் பக்கம் ஓடுகிறது, கடைசியாக எப்போது தூர் வாரினார்கள் என்று கேளுங்கள். கடைப் பிள்ளைகள் உட்கார ஓர் இடம் கேளுங்கள். கேட்டதை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.