நெடுந்தீவுக்குப் போன கைந்நூல்

சோளகம் வீசும் மாதங்களில் நெடுந்தீவுக்குப் புறப்படுகிறவனை யாழ்ப்பாணப் பட்டினத்தார் சற்று இரக்கத்தோடுதான் பார்ப்பார்கள். "இந்தக் கடலுக்குள்ளையோ?" என்று என் மனைவியும் இருமுறை கேட்டாள். நான் தீர்த்த யாத்திரை போகவில்லை. குதிரை பார்க்கவும் போகவில்லை. என் பையிலே ஒரு மாற்றுச் சட்டையும், ஒரு போத்தல் தண்ணீரும், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் அனுமதிக் கைந்நூலும் இருந்தன. என்னோடு ஒரே வகுப்பிற் படித்த நண்பன் ஒருவன் நெடுந்தீவிலே சிறு கடை வைத்திருக்கிறான். அவனுடைய மூத்த மகள் உயர்தரப் பரீட்சையில் வர்த்தகப் பிரிவிலே நன்கு சித்தியெய்திவிட்டாள். எந்தப் பல்கலைக்கழகத்தை முதலாவதாக எழுதுவது என்பதில் வீட்டிலே இரண்டு கட்சி. வர்த்தகப் பாடங்களை இருபது ஆண்டுகளாகக் கற்பித்து வருபவன் என்ற முறையில் என்னைத் தீர்ப்புச் சொல்ல அழைத்திருந்தான்.

காலைப் பஸ் பண்ணைப் பாலத்தைக் கடந்ததுமே காற்று மாறிவிடுகிறது. மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை என்று ஒவ்வொன்றாக வந்து போகின்றன. பாதையின் இருமருங்கும் பனைகள். இடையிடையே கூரை இழந்த கல்வீடுகள். 1990ஆம் ஆண்டிலே தீவுப்பகுதியை விட்டு மக்கள் பெருந்தொகையாக வெளியேறியதன் அடையாளங்கள் அவை. சில வீடுகளின் முற்றத்திலே கிணறு மட்டும் பழுதின்றி இருக்கிறது.

இந்தத் தீவின் மறுகோடியிலேதான் ஊர்காவற்றுறை இருக்கிறது. பாய்க்கப்பல்கள் ஓடிய காலத்தில் அது எத்தகைய துறைமுகம்! தென்னிந்தியக் கரையோடு இடையறாத வணிகம் நடந்த இடம். கடலுக்கு நடுவே நிற்கும் கோட்டை இன்றும் அந்தப் பெருமைக்குச் சாட்சி. இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒல்லாந்தர் நம்முடைய தீவுகளுக்குத் தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். வேலணையும் ஊர்காவற்றுறையும் சேர்ந்த தீவு லெய்டன், அனலைதீவு றொட்டர்டாம், புங்குடுதீவு மிடெல்பேர்க், நயினாதீவு ஹார்லெம், காரைதீவு அம்ஸ்டர்டாம். நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ற் என்ற பெயர் மட்டும் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த லெய்டனிலே 1575ஆம் ஆண்டு முதல் பல்கலைக்கழகம் உண்டு. அந்த டெல்ஃப்ற் தொழில்நுட்பக் கல்விக்கு உலகப் புகழ் பெற்றது. அந்த றொட்டர்டாமிலோ, துறைமுக நகரத்து வணிகர்கள் 1913இல் வணிக உயர்கல்விக்கூடம் ஒன்றைத் தொடங்கினார்கள். இன்று அது பெரிய பல்கலைக்கழகமாய் வளர்ந்து, முகாமைத்துவக் கல்விக்குப் பெயர்பெற்று விளங்குகிறது. பெயர்களை மட்டும் நமக்குத் தந்தார்கள். பல்கலைக்கழகங்களைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள்!

வாணர் தாம்போதியைத் தாண்டிப் புங்குடுதீவுக்குள் நுழையும்போது இரு பக்கமும் நீர். இந்தத் தீவார் ஒரு காலத்தில் கொழும்பு முதல் தென்னிலங்கையின் சிறு பட்டினங்கள் வரை கடை நடத்தியவர்கள். பலசரக்குக் கடை, சாப்பாட்டுக் கடை, சுருட்டுக் கடை என்று எந்தச் சந்தியிலும் ஒரு தீவான் இருப்பான் என்பார்கள். முகாமைத்துவம் என்ற சொல்லையே கேட்டறியாதவர்கள் அவர்கள். ஆயினும் கடன் கொடுப்பதற்கு ஆளின் முகத்தைப் பார்க்கவும், மழை வருமுன்னே சரக்கை வாங்கி அடுக்கவும், கடைப் பையனாய் வந்தவனைப் பங்காளியாக்கவும் தெரிந்தவர்கள். 1983ஆம் ஆண்டு ஜூலையில் அந்தக் கடைகளிற் பல எரிந்து சாம்பலாயின. என் நண்பனுடைய தந்தையாரின் கடையும் அவற்றுள் ஒன்று. கொழும்பின் தென்புறத்து ஊரொன்றிலே இருந்தது அது.

குறிகட்டுவானிலே படகு ஏறினோம். வலப்பக்கம் நயினாதீவு தெரிந்தது. நாகபூசணி அம்மன் கோவிற் கோபுரத்தைக் கண்டதும் பக்கத்திலிருந்த மூதாட்டி கைகூப்பினார். கோபுரம் பின்னே போனதும் திறந்த கடல். படகு ஏறி விழுந்து, விழுந்து ஏறி ஏறத்தாழ ஒரு மணி நேரம் எங்களைப் பதம் பார்த்தது. அரிசி மூட்டை, சீமெந்து, குளிர்பானப் பெட்டி, ஒரு புதுச் சைக்கிள் எல்லாம் எங்களோடு பயணஞ் செய்தன. நெடுந்தீவிலே ஒரு பொருளின் விலை ஏன் கூடுகிறது என்பதைப் பாடப்புத்தகத்தைக் காட்டிலும் அந்தப் படகின் தளம் தெளிவாக விளக்கும். அடுத்த முறை 'போக்குவரத்துச் செலவு' கற்பிக்கும்போது மாணவரை இங்கே கூட்டிவர வேண்டும் என்று எண்ணிக்கொண்டேன். வயிறு குமட்டியதும் அந்த எண்ணத்தைக் கைவிட்டேன்.

மாவிலித்துறையிலே இறங்குபவர் குமுதினிப் படகை நினையாமல் நடக்க இயலாது. 1985ஆம் ஆண்டு மே 15ஆம் நாள், இதே கடலிலே, அப்படகிற் சென்ற பயணிகள் முப்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். நெடுந்தீவுத் தாய்மார் பிள்ளைகளைப் படிக்க அனுப்புவதென்றால் முதலிலே இந்தக் கடலைத் தாண்டி அனுப்ப வேண்டும். 'வெளியூர்ப் படிப்பு' என்பது அவர்களுக்குக் கொழும்பிலே தொடங்குவதன்று. இந்தத் துறையிலேயே தொடங்கிவிடுகிறது.

துறையிலே நண்பன் காத்திருந்தான். "என்ன மச்சான், கடல் உன்னை நல்லாத் தாலாட்டினதோ?" என்று சிரித்தான். அவனுடைய மோட்டார் சைக்கிளிலே பின்னால் அமர்ந்து சென்றேன். நெடுந்தீவின் அழகு அதன் மதில்கள்தாம். கடலிலிருந்து வந்த பவளக்கற்களைச் சாந்தின்றி ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி, வளவுக்கு வளவு வேலி கட்டியிருக்கிறார்கள். காற்று அந்த இடுக்குகளாற் புகுந்து போகிறது, மதில் விழுவதில்லை. தெற்கே வெட்டவெளியிலே குதிரைகள் மேய்வதையும் தூரத்திலே கண்டேன். அந்நியர் விட்டுச் சென்ற குதிரைகளின் வழிவந்தவை. வறட்சிக் காலத்தில் நீருக்கு அலைகின்றன.

நண்பனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்கள் அனைவரும் பெயர்ந்தபோது, பதினைந்து வயதுப் பையன்களாகிய நாங்கள் இருவரும் ஒரே சைக்கிளை மாறிமாறித் தள்ளிக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்தோம். பின்னர் உயர்தரம் எழுதினோம். இருவருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே இடம் கிடைத்தது. நான் போனேன். அவனுக்கு மூன்று தங்கைமார். தகப்பனிடம் மூலதனம் இல்லை. அவன் கடையிலே நின்றான். என்னைவிட அவனுக்குக் கணக்கு நன்றாக வரும். இதை நாங்கள் ஒருநாளும் பேசியதில்லை.

வீட்டுத் திண்ணையிலே பாய் விரித்து விசாரணை தொடங்கியது. நண்பனின் மனைவி கூழ் காய்ச்சிக் கொண்டுவந்தார். "அண்ணை, யாழ்ப்பாணத்தையே முதலாவதாப் போடச் சொல்லுங்கோ. கிழமைக்கு ஒருக்கா எண்டாலும் பிள்ளையைப் பாக்கலாம்" என்றார். நண்பனோ, சிறீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகமே முதலில் வரவேண்டும் என்றான். மகள் கைந்நூலின் ஓரங்களிலே ஏற்கெனவே பென்சிலால் ஏதேதோ குறித்திருந்தாள்.

முதலிலே ஒரு தவறான எண்ணத்தை நீக்க வேண்டியிருந்தது. எங்கள் மாணவர் பலரும் கொண்டுள்ள எண்ணம் அது. கிடைத்தற்கரிய இடத்தை முதலில் எழுதினால், கிடைக்கக்கூடிய இடமும் கைநழுவிவிடுமோ என்று அஞ்சுகிறார்கள். அப்படி அன்று. விருப்பொழுங்கிலே மேலிருந்து கீழாகப் பார்த்து, இசட் புள்ளிக்கு எட்டுகின்ற முதலாவது இடத்தை வழங்குகிறார்கள். மேலே எழுதியது எட்டாவிடின் அடுத்ததற்கு இறங்குவார்கள். அதனாற் கீழேயுள்ளது கெடாது. ஆனால் அருகிலுள்ளதை முதலில் எழுதி, அதற்குப் புள்ளியும் போதுமாயிருந்தால், கீழே எழுதிய எதையும் அவர்கள் ஏறெடுத்தும் பாரார்கள். ஆகவே பயத்துக்கு ஏற்ப எழுதாமல் விருப்பத்துக்கு ஏற்ப எழுத வேண்டும்.

"அப்ப எங்களுக்குத் தீவெண்டு தனி இடம் ஒண்டும் இல்லையோ?" என்று நண்பன் கேட்டான். இல்லை. இடங்களில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கு. 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு. 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. யாழ்ப்பாண மாவட்டம் அந்தப் பதினாறிலும் ஒன்றுதான். ஆயின் மாவட்டத்துக்குள்ளே வேறுபாடு கிடையாது. பட்டினத்திலே மூன்று பாடத்துக்கும் மூன்று தனியார் வகுப்புக்குப் போகும் பிள்ளையும், சோளகத்திலே படகு வராத நாள்களை எண்ணிக்கொண்டு படிக்கும் நெடுந்தீவுப் பிள்ளையும் ஒரே தராசிலே நிறுக்கப்படுகிறார்கள். இந்தப் பெண் உயர்தரத்துக்காக வேலணையிலே மாமி வீட்டில் இரண்டு ஆண்டு தங்கி, அங்கிருந்து பட்டினத்துக்குப் பஸ் ஏறிப் படித்தவள். அவளுடைய புள்ளிக்குள்ளே அந்தப் பஸ் பயணமும் அடங்கியிருக்கிறது என்பதை எந்தக் கணினியும் அறியாது.

பின்னர் அவள் என்னைக் கேட்டாள்: "மாமா, நீங்கள் படிச்ச இடத்தைத்தானே நல்லதெண்டு சொல்லுவீங்கள்?"

சுருக்கென்றது. உண்மையிலே அப்படிச் சொல்லும் எண்ணத்தோடுதான் படகேறினேன். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி இருந்த திருநெல்வேலி வளாகத்திலே, 1974இல் தொடங்கியது எங்கள் பல்கலைக்கழகம். போருக்குள்ளும் கதவை அடைக்க மனமின்றி நின்றது. முகாமைத்துவக் கற்கைகள், வணிக பீடத்திலே வியாபார நிருவாகமாணியும் வணிகமாணியும் உண்டு. சிங்கள மாணவரும் இப்போது அங்கே வந்து கற்கின்றனர். செலவு குறைவு, வீடும் அண்மை. இவ்வளவையும் சொன்னேன்.

ஆனால் அவள் என்ன படிக்க விரும்புகிறாள் என்று அதுவரை எவரும் கேட்கவில்லை. கேட்டேன். தொழில்முயற்சி பற்றிப் படிக்க வேண்டும் என்றாள். நெடுந்தீவிலிருந்து போகும் கருவாட்டுக்கும் பனாட்டுக்கும் பட்டினத்திலே கிடைக்கும் விலையையும், கொழும்பிலே அவை விற்கப்படும் விலையையும் ஒரு கொப்பியிலே எழுதி வைத்திருந்தாள். இடையிலுள்ள பணம் எங்கே போகிறது என்று அறிய வேண்டுமாம். கங்கொடவிலையிலுள்ள ஜயவர்தனபுரத்தின் முகாமைத்துவ பீடம் நாட்டிலே மிகப் பெரியது. தொழில்முயற்சிக்கென்றே தனித்துறை அங்கு உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவ, நிதி பீடமும் சிறந்ததே. இறுதியாண்டிலே நிறுவனங்களிற் பயிற்சி பெறுவதற்குத் தலைநகரிலே வாய்ப்பு மிகுதி. விடுதி, சாப்பாடு, இரவுப் பஸ் என்று செலவும் மிகுதிதான். படிப்பு எங்கும் ஆங்கிலத்திலே நடக்கும். அங்கே வகுப்புக்கு வெளியே சிங்களமும் வேண்டும். முதலாண்டு அவளுக்குக் கடினமாயிருக்கும் என்பதை மறைக்கவில்லை.

வவுனியா 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. அங்கும் வியாபாரக் கற்கைகள் பீடம் உண்டு. வந்தாறுமூலையும் ஒலுவிலும் பட்டியலிலே இடம்பெற வேண்டியவை. இவற்றைக் கீழே வரிசையாக எழுதச் சொன்னேன். நண்பன் மெல்ல ஒரு வர்ணத் துண்டுப் பிரசுரத்தை எடுத்து நீட்டினான். பணங்கட்டி மூன்றாண்டிலே வெளிநாட்டுப் பட்டம். இரண்டு பரப்புப் பனங்காணியை விற்றால் போதும் என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஆணைக்குழு அந்தப் பட்டத்தை அங்கீகரிக்கிறதா என்பது பிரசுரத்தில் எங்கும் இல்லை. அரசாங்கம் இலவசமாய்த் தரும் இடத்துக்குப் புள்ளி இருக்கையிலே காணியை ஏன் விற்கிறாய் என்று சற்றுக் கடிந்தே பேசிவிட்டேன். அவன் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

இவ்வளவு நேரமும் நண்பனின் தந்தையார் சாய்மனைக் கதிரையிலே கண்ணை மூடியபடி இருந்தார். எழுபத்தைந்து வயது. அந்த ஊர்ப் பெயர்கள் அடிபட்டபோதெல்லாம் மருமகள் அவர் முகத்தைப் பார்ப்பதை நான் கவனித்தேன். உடுத்த துணியோடு அகதிக் கப்பலேறி வந்தவர். அதன் பின் ஒருநாளும் தெற்கே போகாதவர். அவர் மறுத்தால் அந்த வீட்டில் அது முடிவு.

"ஐயா, நீங்கள் என்ன சொல்லுறியள்?" என்று நானே கேட்டேன்.

"கங்கொடவிலையோ?" என்றார். சிறிது நேரம் பேசவில்லை. "எங்கடை கடையிலை இருந்து நடை தூரந்தான். பின்னேரம் பெடியள் வந்து வாழைப்பழம் வாங்குவாங்கள். நல்ல பெடியள்." மீண்டும் மௌனம். கடையை எரித்தவர்களைப் பற்றி ஏதும் சொல்வார் என்று காத்திருந்தோம். "அடுத்த வீட்டுக்காரன்தான் என்னை ரெண்டு நாள் ஒளிச்சு வைச்சிருந்தவன். அவன்ரை கணக்கிலை நாப்பத்திமூண்டு ரூபா நிலுவை. கொப்பி எரிஞ்சு போச்சு, எனக்கு நினைவிருக்கு."

பேத்தி பென்சிலை எடுத்தாள். முதலாவது வரியிலே ஜயவர்தனபுரத்தையும், இரண்டாவதிலே கொழும்பையும், மூன்றாவதிலே யாழ்ப்பாணத்தையும் எழுதினாள். தாய் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். விண்ணப்பத்தை இணையத்திலே பதிவதற்கு அடுத்த கிழமை பட்டினத்துக்கு, எங்கள் வீட்டுக்கு வருவதென்று தீர்மானமாயிற்று.

பிற்பகற் படகுக்கு நேரமாகிவிட்டது. தாயார் ஓலைப்பெட்டியிலே பனாட்டும் ஒடியலும் கட்டித் தந்தார்; கண் சிவந்திருந்தது. "அண்ணை, அங்கை பொம்பிளைப் பிள்ளையளுக்கு விடுதி இருக்குத்தானே?" என்று மட்டும் கேட்டார். இருக்கிறது என்றேன். வாசலைக் கடக்கும்போது பின்னாலே கிழவரின் குரல் கேட்டது, பேத்தியிடந்தான் சொல்லிக்கொண்டிருந்தார்:

"அந்த நாப்பத்திமூண்டு ரூபாயை அவனிட்டைக் கேக்காதை, பிள்ளை. ஆள் உயிரோடை இருந்தால், நான் சுகம் கேட்டனான் எண்டு சொல்லு."

துறையிலே காற்று இன்னும் தணியவில்லை. ஓலைப்பெட்டியை மடியிலே இறுகப் பிடித்துக்கொண்டு படகிலே உட்கார்ந்தேன்.