ஓர் ஒழுங்கையும் பலவகை வீடுகளும்

ஊர் என்பது வீடுகளின் தொகுதி மட்டுமன்று. வெவ்வேறு வயதும் வருவாயும் உடைய மாந்தர் அருகருகே வாழ்வதற்கான ஓர் ஏற்பாடுமாகும். வீட்டின் வகை குறையுமாயின், ஆங்கு வாழத்தக்க மனிதரின் வகையும் குறையும். வெள்ளவத்தை வாழ்க்கை எனக்கு உணர்த்திய உண்மை இதுவே.

காலி வீதியினின்று கடலை நோக்கிச் செல்லும் ஒழுங்கைகளில் முன்னர் முற்றத்தோடு கூடிய ஓட்டு வீடுகள் இருந்தன. வீட்டை ஒட்டி ஓர் 'அனெக்ஸ்'. பின்புறத்தே வாடகை அறை. அயலில் யாழ்ப்பாணத்து எழுதுவினைஞர் கூடிச் சமைத்துண்ட 'சம்மரி'. நானும் அத்தகையதோர் அறையில் தங்கியே பயின்றேன். மாதமுடிவில் கை வறண்டபோது, "அடுத்த கிழமை தாரும் தம்பி" என்று வீட்டுக்கார அம்மா சொல்லும் உறவு அங்கிருந்தது.

ஒரே கட்டிடத்தின் பகுதிகளைத் தனித்தனியே உடைமையாக்க 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் வகைசெய்தது. 1983 ஜூலை வன்செயலில் இவ்வொழுங்கைகளின் வீடுகள் பல எரியுண்டன. பின்னர்ப் போரினால் வடக்கினின்று பெயர்ந்தோரும், புலம்பெயர்ந்த பிள்ளைகளின் பணமும் வந்துசேர, பழைய மனைகள் தொடர்மாடிகளாயின. ஒரு குடும்பம் வாழ்ந்த காணியில் பல குடும்பங்கள் நிழல் பெற்றன. இதனைக் குறைகூறல் நீதியாகாது.

ஆயினும், எழுவன பெரும்பாலும் ஒரே வகையின. விலைக்கு வாங்க வல்லார்க்கே உரியன. அறை தேடும் மாணவனும் கடைச் சிப்பந்தியும் தெகிவளைக்கும் அப்பாலும் செல்கின்றனர். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய முதியோரோ, மின்தூக்கி நின்ற நாளில் மாடியிலேயே சிறைப்படுகின்றனர்.

கொட்டாஞ்சேனையில் இவ்வினா வேறு வடிவம் கொள்கின்றது. ஆங்குள்ள 'தோட்டங்களில்' பல குடும்பங்களுக்குப் பொதுக்குழாயே துணை. இந்நிலை மாறவேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் உயர்ந்த கோபுரம் ஒன்றே மாற்றாகுமா? வனாத்தமுல்லையில் 2001இல் எழுந்த 'சஹஸ்புர' போன்ற பன்மாடிக் கட்டிடங்களைக் காணுந்தோறும், வாசற்படியில் இடியப்பம் விற்றுப் பிழைப்பவள் பத்தாம் மாடியில் யாருக்கு விற்பாள் என்ற எண்ணமே எழுகின்றது.

எனவே, நகரைத் திட்டமிடுவோர் உயரத்தை மட்டும் அளத்தல் போதாது. மின்தூக்கி வேண்டாத மூன்று மாடி வீடு, தனியொருவர்க்கான சிறு மனை, முதியோர்க்கான தரைத்தள இல்லம், வாடகை அனெக்ஸ் ஆகியன ஒரே ஒழுங்கையில் இடம்பெறல் வேண்டும். குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் அவற்றுக்கு முன்னரே விரிவுபெறல் வேண்டும். இன்றேல் வெள்ளவத்தையில் கட்டிடங்கள் பெருகும். ஆங்கு வந்து கற்று முன்னேற ஓர் ஏழை மாணவனுக்கு இடமிராது.