பிழை காண்பது பிழையா?

பழைய அமெரிக்க நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடர்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதும், அவற்றில் முன்னுக்குப் பின் முரணாக வருவனவற்றைக் குறித்து வைப்பதும் நமது நெடுநாளைய வழக்கம். இதைக் கண்ட நண்பரொருவர், "சிரிக்கத் தந்ததைச் சிரித்துவிட்டுப் போகாமல், சோற்றில் கல் பொறுக்குவானேன்?" என்று நம்மைக் கேட்டார். கேள்வி நியாயமானதே. அதற்கு விடை கூறக் கடமைப்பட்டிருக்கிறோம்.

முதலில், இப்பிழைகள் எங்ஙனம் தோன்றின என்பதைக் காண்போம். 1951 முதல் 1957 வரை நடைபெற்ற 'ஐ லவ் லூசி' என்னும் தொடரில், லூசியின் தோழி எதெலின் நடுப்பெயர் ஒரு சமயம் லூயிஸ். மற்றொரு சமயம் ராபர்ட்டா. பிறிதொரு சமயம் மே. லூசி குடியிருக்கும் இல்லமோ நியூயார்க் நகரில், கிழக்கு 68ஆம் தெரு, 623ஆம் எண். அவ்வெண்ணைத் தேடிச் செல்வோர் ஆற்றில்தான் இறங்க வேண்டும். தெரு அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது! எழுதியவர்கள் அறிவிலிகளா? அல்லர். ஒருமுறை ஒளிபரப்பானது காற்றோடு போய்விடும் என்பதே அக்காலத்தின் பொதுவான எண்ணம். இத்தொடரோ மூன்று காமிராக்களைக் கொண்டு பிலிமில் படமாக்கப்பட்டது. பிலிம் நிலைத்தது, மறு ஒளிபரப்பும் வழக்கமாயிற்று. எழுதினவர் மறந்ததைப் பார்த்தவர் மறக்கவில்லை.

இரண்டாவது வகை, மனித உடம்பின் இயலாமையால் நேர்வது. 1964இல் தொடங்கிய 'பிவிட்ச்டு' தொடரில் கணவன் டாரினாக நடித்த டிக் யார்க், முன்னொரு திரைப்படப் பிடிப்பின்போது முதுகில் அடிபட்டு, ஆண்டுக்கணக்கில் வலியோடு நடித்து வந்தார். இறுதியில் இயலாமற் போகவே, 1969இல் டிக் சார்ஜென்ட் அவ்விடத்திற்கு வந்தார். கணவனுடைய முகமே மாறிவிட்டது. வீட்டில் ஒருவருக்கும் அது தெரியவில்லை! இதைக் கண்டு நகைப்பது எளிது. காரணத்தை அறிந்தபின் அந்நகைப்பில் சிறிது இரக்கமும் கலந்துவிடுகிறது.

நிற்க. மூன்றாவது வகையைக் கண்டு நம்மால் சிரிக்க முடியவில்லை. 'ஹாப்பி டேஸ்' 1974இல் தொடங்கியபோது கன்னிங்காம் குடும்பத்தில் பிள்ளைகள் மூவர். மூத்தவன் சக், கூடைப்பந்தாட்டத்தில் பிரியமுள்ளவன். இரண்டாம் பருவத்திற்குப் பின் அவனைக் காணோம். இறந்தானா, ஊரைவிட்டுப் போனானா என்பதற்கு யாதொரு சொல்லும் இல்லை. 1984இல் வந்த இறுதிக் கதையில் தந்தை எழுந்து, தம் பிள்ளைகள் இருவரை வளர்த்த இன்பத்தைப் பற்றி உருக்கமாகப் பேசுகிறார். இருவராம்!

கதைக்கு அவன் வேண்டாதவனானான் என்பது எழுதியவர்க்குப் போதுமான காரணமாயிருக்கலாம். பெற்ற தாய்க்கு அது போதுமா? மேசையில் அவனுடைய தட்டு எங்கே என்று ஒருவரேனும் கேட்க வேண்டாமா? வீட்டிலுள்ளோர் கேளாததைப் பார்ப்பவர் கேட்டனர். சொல்லாமற் கொள்ளாமல் மறையும் பாத்திரங்களை இன்றும் அவன் பெயரைச் சுட்டியே குறிக்கின்றனர். அவனை நினைவில் வைத்திருப்போர் பிழை காண்போர் மட்டுமே.

பிழையைத் திருத்தும் நேர்மையும் உண்டு. 'சியர்ஸ்' தொடரில் பிரேசியர் என்னும் மனநல மருத்துவர், தம் தந்தை ஓர் ஆராய்ச்சியாளர் என்றும், இறந்துவிட்டார் என்றும் கூறியிருந்தார். 1993இல் அவரையே தலைவராகக் கொண்டு எழுந்த 'பிரேசியர்' தொடரிலோ, தந்தை உயிரோடு, ஓய்வுபெற்ற போலீஸ்காரராக, மகன் வீட்டிலேயே வாழ்கிறார்! 1995இல் பழைய நண்பன் சாம் அங்கு வந்து, தந்தையின் முன்னிலையிலேயே இதைக் கேட்டுவிடுகிறான். அக்காலத்தில் தந்தையோடு சச்சரவு, கோபத்தில் அப்படிச் சொன்னேன் என்று மகன் ஒப்புக்கொள்கிறார். மூடி மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. அதனால், பிழையாகக் கிடந்தது தந்தைக்கும் மகனுக்கும் இடையே இருந்த கசப்பின் வரலாறாயிற்று.

ஆகவே நண்பருக்கு நாம் கூறும் விடை இதுவே: ஒரு வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று வழிப்போக்கன் எண்ணுவதில்லை, உறவினனே எண்ணுவான். கதையை மெய்யென்று நம்பி அவ்வீட்டிற்குள் சென்று அமர்ந்தவர்க்கே அதன் முரண் தென்படும். வீட்டெண் தவறினால் சிரிப்போம். முகம் மாறினால் பொறுப்போம். ஆள் மறைந்தால், எங்கே என்று கேட்போம்.