விளக்கு ஏற்றும் நேரம்

ஒரு சங்கிலிக் கொக்கி அறுந்து போனால் மனிதன் எத்தனை பாடம் கற்க வேண்டியிருக்கிறது, பாருங்கள்!

கொக்கியைப் பற்றவைத்து வாங்கி வரும்படி வீட்டில் எனக்கு உத்தரவாயிற்று. வியாசர்பாடி இரவீஸ்வரர் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு சந்தில் எங்கள் வாடிக்கைப் பத்தர் இருக்கிறார். வீட்டின் முன்னறைதான் பட்டறை. ஆபீஸ் முடிந்து நான் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பத்தரைக் காணோம். அவருடைய பேரன், இரண்டு வயசுப் பயல், தரையில் பாய் மேல் தூங்கிக்கொண்டிருந்தான். அறையில் ஒரே புழுக்கம். கூடவே அழுகிய முட்டை போல ஒரு நாற்றம்.

சாக்கடை அடைத்துக்கொண்டதாக்கும் என்று நினைத்தேன். பத்தர்கள் வேலை நேரத்தில் மின்விசிறி போடமாட்டார்கள். சுடர் அலையும், தங்கத் தூளும் பறந்துவிடும். குழந்தைக்காவது காற்று வரட்டுமே என்று ஸ்விட்சை நோக்கிக் கையை நீட்டினேன்.

"தம்பி! தொடாதீங்க!"

உள்ளேயிருந்து வந்த பத்தர் பாய்ந்து என் கையைப் பிடித்துவிட்டார். உடனே உட்பக்கம் திரும்பி, "அம்மாடி, விளக்கு ஏத்தாதே! தீப்பெட்டியை அப்படியே வை!" என்று கூவினார். பூஜை அலமாரியின் முன் நின்ற மருமகள் அப்படியே சிலையாகிவிட்டாள்.

பிறகு எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் நடந்தன. சிலிண்டரை மூடினார். குழந்தையை வாரி என் கையில் கொடுத்தார். கதவு, ஜன்னல் அனைத்தையும் திறந்தார். எரிந்துகொண்டிருந்த பல்பைக்கூட அணைக்க விடவில்லை. ஸ்விட்சைப் போட்டாலும் பொறி பறக்கும், அணைத்தாலும் பறக்கும் அல்லவா? அரைமணி நேரம் அத்தனை பேரும் தெருவில் நின்றோம்.

"காப்பி குடிக்கப் போனவன் ரெகுலேட்டரை மூடாமப் போனேன். தப்பு என்னுதுதான்" என்றார் பத்தர். அவர் கை நடுங்கியதை அப்போதுதான் கவனித்தேன்.

காஸுக்கு இயற்கையில் வாசனையே கிடையாது, தெரியுமோ? கசிந்தால் நமக்குத் தெரியட்டும் என்றுதான் அந்த நாற்றத்தைக் கலந்து அனுப்புகிறார்கள். அது காற்றைவிடக் கனமானது. புகை மாதிரி மேலே போகாது; தண்ணீர் மாதிரி தரையோடு பரவி மூலையில் தேங்கும். அந்தப் பயல் தூங்கினானே, அதே தரையில்! ஒரு லிட்டர் திரவம் சுமார் 250 லிட்டர் வாயுவாக விரியும். நூறு பங்கு காற்றில் இரண்டு பங்கு கலந்தாலே ஒரு பொறிக்குப் பற்றிக்கொள்ளும்.

முன்காலத்துப் பத்தருக்குக் கரி அடுப்பும் ஊதுகுழலும் போதும். இன்று ஒரு குமிழைத் திருகினால் நீலச் சுடர் வருகிறது. வேலை சுலபம், ஆனால் அஜாக்கிரதைக்கு விலை அதிகம். 2025 மே 7-ஆம் தேதி ராஜஸ்தானத்துப் பீகானீரில், நகை வேலை நடக்கும் கடைகள் நிறைந்த மதன் மார்க்கெட்டில் சிலிண்டர் வெடித்துக் குறைந்தது 8 பேர் மாண்டார்கள்.

மறுநாள் பத்தர் சோப்புத் தண்ணீரைக் குழாய் நெடுகத் தடவிப் பார்த்தாராம். சுடர் முனைக்கு அருகே, சூட்டில் வெடித்திருந்த இடத்தில் குமிழி குமிழியாக வந்ததாம். புதுக் குழாய் போட்டுவிட்டார். கசிவைக் கண்டுபிடிக்கச் சோப்புத் தண்ணீர்தான் வழி. தீக்குச்சியைக் கொளுத்திப் பார்க்கும் மேதாவிகளும் உலகத்தில் இருக்கிறார்கள்!

பத்தருக்கு உபதேசம் செய்யலாம் என்று எண்ணியபடி வீடு திரும்பிய நான், எதற்கும் இருக்கட்டும் என்று எங்கள் சமையலறைக் குழாயைத் திருப்பிப் பார்த்தேன். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டிய குழாய். அதில் அச்சிட்டிருந்த வருஷத்தைப் படித்ததும் என் உபதேசம் தொண்டையிலேயே நின்றுவிட்டது. எங்களுடையதற்கு ஏழு வயசு!

சகோதரிகளே, இன்றே உங்கள் குழாயையும் பாருங்கள். சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் ஓர் எழுத்தும் எண்ணும் இருக்கும். ஏ என்றால் மார்ச், பி ஜூன், ஸி செப்டம்பர், டி டிசம்பர்; எண், வருஷம். அந்தக் கெடு தாண்டியதை வாங்காதீர்கள். சிலிண்டரைப் படுக்க வைக்காதீர்கள். படுக்கப் போகுமுன் ரெகுலேட்டரை மூடுங்கள். நாற்றம் வந்தால் மூடி, திறந்து, வெளியேறி, தெருவில் நின்று 1906-க்குப் போன் செய்யுங்கள்.

கொக்கி என்னவாயிற்று என்கிறீர்களா? அன்று பற்றவைக்கவில்லை. வெறுங்கையோடு வந்த என்னை மனைவி ஏன் என்றாள். நடந்ததைச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் ரெகுலேட்டரை மூடிவிட்டு வந்தாள்.