தூக்கம் விற்பனைக்கு... வாங்கும் முன் ஒரு நிமிடம்!

இரவு இரண்டே முக்கால் மணி. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருக்கும் ஒரு பெண் அறைக்குள் நடந்துகொண்டே இருக்கிறாள். வலது தோளில் ஆறு வாரக் குழந்தை, இடது கையில் செல்போன். குழந்தை தூங்கிப் பத்து நிமிடம் ஆகிவிட்டது. ஆனால் கீழே போட்டால் விழித்துவிடுமோ என்று பயம். செல்போனில் ஒரு சாய்வுப் படுக்கை, ஒரு கடுகுத் தலையணை, "உஸ்ஸ்ஸ்" என்று இரையும் ஒரு கருவி. மூன்றும் வாங்கும் பட்டியலில் சேர்ந்துவிட்டன. மொத்தம் ஆறாயிரம் ரூபாய்க்கு மேல்.

பக்கத்தில் படுத்திருந்த அவளுடைய அம்மா எழுந்து உட்கார்ந்து, "ஏன்டி, அந்த போனைக் கீழ வச்சிட்டுப் புள்ளைய எங்கிட்ட குடு. எதுவா இருந்தாலும் விடிஞ்சு பார்த்துக்கலாம்" என்கிறாள்.

குழந்தை பிறந்த பெரும்பாலான வீடுகளில் இந்தக் காட்சி உண்டு. பொருட்களும் விலையும்தான் மாறும்.

வணிகவியல் படிப்பவர்களுக்கு ஆரம்பத்திலேயே சொல்லித்தரும் ஒரு விஷயம், வாங்குபவர் வேறு, பயன்படுத்துபவர் வேறு என்பது. இதற்குக் குழந்தைப் பொருட்களை விட நல்ல உதாரணம் கிடையாது. பயன்படுத்துபவருக்குப் பேச்சு வராது. பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. வாங்குபவரோ தொடர்ந்து இரண்டு மணி நேரம் தூங்கிப் பல நாட்கள் ஆனவர். "இன்று இரவு தூங்கலாம்" என்று யார் சொன்னாலும் காசை எடுத்து நீட்டும் நிலையில் இருப்பவர். ஒரு வியாபாரிக்கு இதை விட வசதியான வாடிக்கையாளர் அமைய மாட்டார்.

இன்னொன்றும் உண்டு. இந்தப் பொருட்களுக்குக் கிடைக்கும் ஐந்து நட்சத்திரங்கள் எல்லாம் பெற்றோர் போட்டவை. "நாங்கள் நன்றாகத் தூங்கினோம்" என்பதற்கு மேல் அவை எதையும் சொல்வதில்லை. குழந்தை பாதுகாப்பாகத் தூங்கியதா என்பது வேறு கேள்வி.

இந்தியாவின் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் காசு கொடுத்தவரை மட்டுமல்ல, அவர் சம்மதத்தோடு அந்தப் பொருளைப் பயன்படுத்துபவரையும் நுகர்வோர் என்றே சொல்கிறது. அந்தக் கணக்கில் தோளில் கிடக்கும் ஆறு வாரக் குழந்தையும் ஒரு நுகர்வோர்தான். அதன் சார்பில் யோசிக்க வேண்டிய பொறுப்புதான் வாங்குபவருடையது.

முதலில் குழந்தையின் தூக்கம் எப்படிப்பட்டது?

பிறந்த குழந்தை ஒரு நாளைக்குச் சுமார் 14 முதல் 17 மணி நேரம் தூங்கும். ஆனால் துண்டு துண்டாக. வயிறு சின்னது, பால் சீக்கிரம் செரித்துவிடும், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பசிக்கும். இரவு பகல் வித்தியாசமும் அதற்குத் தெரியாது. உடம்புக்குள் இருக்கும் அந்தக் கடிகாரம் இரண்டு மூன்று மாதங்களில்தான் மெல்ல ஓட ஆரம்பிக்கும். ஆக, ஆறு வாரக் குழந்தை இரவில் மூன்று முறை எழுந்தால் அது கோளாறு இல்லை. அதைக் கோளாறு என்று சொன்னால்தான் அதற்கு மருந்து விற்க முடியும்!

சும்மா காசுதானே போகிறது, போனால் போகட்டும் என்று விட முடியாததற்குக் காரணம் ஒரு பழைய கதை.

2009-இல் அமெரிக்காவில் ஃபிஷர்-பிரைஸ் நிறுவனம் "ராக் அண்ட் ப்ளே ஸ்லீப்பர்" என்ற சாய்வுப் படுக்கையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தலைப்பக்கம் சுமார் 30 டிகிரி உயர்ந்திருக்கும், லேசாக ஆட்டலாம். அழுகிற குழந்தைகள் அதில் தூங்கின. பெற்றோர் கொண்டாடினார்கள். லட்சக்கணக்கில் விற்றது. 2019 ஏப்ரலில் சுமார் 47 லட்சம் படுக்கைகளையும் நிறுவனம் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அதற்குள் 30-க்கும் மேற்பட்ட குழந்தைகள் அதில் இறந்திருந்தன. 2023 ஜனவரியில் இரண்டாம் முறையாக எச்சரிக்கை வந்தபோது, அதுவரை பதிவான இறப்புகள் சுமார் 100. அவற்றில் சில, திரும்பப் பெறும் அறிவிப்புக்குப் பிறகும் வீடுகளில் பயன்பாட்டில் இருந்த படுக்கைகளில் நிகழ்ந்தவை.

காரணம் எளிமையானது. சின்னக் குழந்தையின் கழுத்துக்குப் பலம் கிடையாது. சாய்ந்து படுக்கும்போது தலை முன்னால் விழுந்து முகவாய் மார்பில் முட்டும், மூச்சுப் பாதை மடங்கும். குழந்தை புரண்டால் முகம் மெத்தைப் பக்கம் போய்விடும். 2022-இல் அமெரிக்கா ஒரு சட்டமே போட்டு, 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த குழந்தைப் படுக்கைகளையும், தொட்டிலைச் சுற்றிக் கட்டும் பஞ்சுத் தடுப்புகளையும் தடை செய்தது.

இதற்கு நேர் எதிரான கதையும் அதே நாட்டில்தான் நடந்தது. 1994-இல் அங்கே ஒரு பிரச்சாரம் தொடங்கியது. குழந்தையைக் குப்புறப் போடாதீர்கள், மல்லாக்கப் படுக்க வையுங்கள். சொன்னது இவ்வளவுதான். தூக்கத்தில் காரணம் தெரியாமல் குழந்தைகள் இறப்பது அடுத்த சில வருடங்களில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. இதற்காக யாரும் எதையும் வாங்கவில்லை.

இந்த இரண்டு கதைகளில் இருந்தும் ஓர் அளவுகோல் கிடைக்கிறது. ஒரு பொருள் குழந்தை படுக்கும் இடத்தைச் சமமாகவும் காலியாகவும் வைக்கிறதா, இல்லை அங்கே எதையாவது கூட்டுகிறதா? இதைக் கேட்டுவிட்டு வாங்கினால் பாதிப் பட்டியல் தானாகவே காணாமல் போகும்.

வாங்கத் தகுந்தவை:

1. கெட்டியான, சமமான சின்ன மெத்தை. கை வைத்து அழுத்தினால் குழி விழக்கூடாது. பெற்றோர் இருக்கும் அதே அறையில், ஆனால் தனி இடத்தில்.

2. கொசுவலை. நம் ஊருக்கு இதுதான் முதல் பொருள். குடை மாதிரி விரித்து மடக்கும் வலை சில நூறு ரூபாய்தான். வலை தளர்ந்து முகத்தில் படாமல் இருந்தால் போதும். கொசுவர்த்திச் சுருள் இதற்கு மாற்று கிடையாது. ஒரு சுருள் எரிந்தால் வரும் நுண்துகள்கள் 75 முதல் 137 சிகரெட்டுகளின் புகைக்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. மூடிய அறையில், தரையோரம் படுத்திருக்கும் குழந்தைக்கு இது என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை.

3. மெல்லிய பருத்திச் சட்டை, இரவுக்கு மட்டும் ஒரு நல்ல டயப்பர். ஈரத்தால் விழிப்பது குறையும்.

யோசித்து வாங்க வேண்டியவை:

"உஸ்ஸ்" கருவி. சில குழந்தைகள் இந்தச் சத்தத்தில் சீக்கிரம் தூங்கும், உண்மைதான். ஆனால் 2014-இல் இப்படிப்பட்ட 14 கருவிகளைச் சோதித்தபோது, முழுச் சத்தத்தில் வைத்தால் எல்லாமே 50 டெசிபலைத் தாண்டின. வாங்கினால் தூரமாக, சத்தம் குறைத்து வைக்க வேண்டும், தூங்கியதும் நிறுத்திவிட வேண்டும். மின்விசிறியின் சத்தமே பல குழந்தைகளுக்குப் போதும்.

வேண்டவே வேண்டாதவை:

சாய்வுப் படுக்கை. பஞ்சுத் தடுப்பு. எடை வைத்துத் தைத்த தூக்கப் பை (2022-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் கழகம் இதைப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டது). தலை உருண்டையாகும் என்று விற்கும் கடுகுத் தலையணை. ஒரு வயது வரை குழந்தைக்கு எந்தத் தலையணையும் தேவையில்லை.

சரி, தூளி?

இங்கேதான் பலருக்குக் கோபம் வரும். "நாங்க எல்லாம் தூளியில வளர்ந்தவங்கதானே?" உண்மை. அம்மாவின் பழைய நூல் புடவை, விட்டத்தில் ஒரு கொக்கி, செலவே இல்லை. அந்த அசைவும் அணைப்பும் குழந்தையைத் தூங்கவைப்பதைப் பார்த்தவர்கள் மறுக்க முடியாது. ஆனால் மேலே சொன்ன அளவுகோல் பாட்டிக்கும் ஒன்றுதான், கம்பெனிக்கும் ஒன்றுதான். தூளியில் குழந்தை வளைந்து படுக்கிறது, துணி முகத்தை மூடலாம். அதனால் தூங்க வைக்க மட்டும் தூளி, ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். கண் அசந்ததும் எடுத்துச் சமமான படுக்கையில் மல்லாக்கப் போட்டுவிட வேண்டும். மற்ற நேரத்தில் தூளியை அவிழ்த்து வைப்பது நல்லது. பெரிய பிள்ளைகள் அதில் முறுக்கி விளையாடிக் கழுத்து இறுகி இறந்த செய்திகள் நாளிதழ்களில் வந்திருக்கின்றன.

குழந்தைக்கு எவ்வளவு குறைவாகத் தேவை என்பதை இரண்டு அரசாங்கங்கள் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கின்றன. பின்லாந்து 1938-இல் ஏழைத் தாய்மார்களுக்கு ஓர் அட்டைப்பெட்டி நிறையக் குழந்தைத் துணிமணிகள் கொடுக்க ஆரம்பித்தது, 1949-இல் அதை எல்லாத் தாய்மார்களுக்கும் விரிவாக்கியது. பெட்டியின் அடியில் ஒரு மெத்தை போட்டால் பெட்டியே படுக்கை! தமிழ்நாட்டில் 2015-இல், அரசு மருத்துவமனைகளில் பிரசவிக்கும் தாய்மார்களுக்கு 1,000 ரூபாய் மதிப்பில் 16 பொருட்கள் கொண்ட பெட்டகம் தொடங்கப்பட்டது. அதில் தூக்கத்துக்கு என்று இருந்தவை ஒரு சின்னப் படுக்கையும் ஒரு வலையும்தான்.

குழந்தைக்குத் தேவை அவ்வளவுதான் என்றால், மீதி ஐயாயிரம் ரூபாய் யாருடைய தேவைக்கு? தூக்கம் இல்லாத அந்தத் தாயின் தேவைக்கு. அந்தத் தேவை பொய்யில்லை. ஆனால் அதைத் தீர்க்கும் பொருள் கடையில் இல்லை. இரவு ஒரு முறையாவது குழந்தையை வாங்கிக்கொள்ளும் இன்னொரு ஜோடிக் கைதான் தீர்வு. அது கணவனுடைய கையாக இருந்தால் இன்னும் நல்லது.

அன்று இரவு அவள் குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு மூன்று மணி நேரம் தூங்கினாள். காலையில் பட்டியலைத் திறந்து பார்த்தபோது சாய்வுப் படுக்கை எதற்கு என்று அவளுக்கே புரியவில்லை. மூன்றையும் நீக்கிவிட்டு, ஒரு கொசுவலை மட்டும் வாங்கினாள்.

குழந்தை அடுத்த இரவும் மூன்று முறை எழுந்தது. ஒரு முறை அவள் எழவில்லை.